501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்: வீட்டுல பசுமையை எங்கிருந்து ஆரம்பிக்கணும்?



போன வருஷம் மே மாசம். ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். தண்ணி குடிக்க எழுந்தவன், அம்மா ரூமை எட்டிப் பார்த்தேன். ஃபேன் ஒண்ணுல மெதுவா சுத்திட்டிருக்கு. அம்மா முழிச்சுதான் இருக்காங்க. நெத்தி, கழுத்து எல்லாம் வேர்வை. பழைய காலண்டர் அட்டையால விசிறிக்கிட்டு இருக்காங்க.

"ஏம்மா, நாலுல வைக்க வேண்டியதுதானே?"

"ஐநூறு தாண்டிடும்டா. போன தடவை தாண்டிடுச்சுன்னு நீதானே சொன்னே."

என்கிட்ட பதில் இல்ல. ஏன்னா நான் சொன்னது உண்மை.

அதே வாரம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை உட்கார்ந்து பார்த்தேன். தொழில் பழக்கம், வரி வரியா பார்க்காம விட முடியாது. அந்த ஒரு வருஷத்துல நாங்க "பசுமை"ன்னு வாங்கினது மட்டும் 11,400 ரூபாய். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, ரெண்டு செம்பு பாட்டில், பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலா கண்ணாடி டப்பா செட், படம் போட்ட துணிப்பைகள். இதெல்லாம் வாங்கறதுக்கு முந்தின கோடையில எங்க வீட்டு கரண்ட் 548 யூனிட். வாங்கின பிறகு 560.

ஒரு பக்கம் பூமியைக் காப்பாத்தறதுக்கு 11,400 செலவு. இன்னொரு பக்கம் எழுபது வயசு அம்மா வேர்வையில. ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதிப் பார்த்தப்பதான் நாங்க எங்க தப்பு பண்றோம்னு புரிஞ்சுது. இந்தப் பதிவு அதைப் பத்திதான்.

என் கருத்து ஒரே வரியில

வீட்டுல பசுமையா வாழறதுன்னா புதுசா வாங்கறது இல்ல, மனுஷங்களைக் கஷ்டப்படுத்தறதும் இல்ல. ஏதோ ஒரு மீட்டர்ல அளவு குறையணும். யூனிட்டோ, லிட்டரோ, கிலோவோ. அது குறையலைன்னா நீங்க பண்ணினது ஷாப்பிங். நல்ல மனசோட பண்ணின ஷாப்பிங், அவ்வளவுதான்.

அதனால எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, இதனால எந்த அளவு குறையும்? ரெண்டு, போட்ட காசு எத்தனை மாசத்துல திரும்பி வரும்? ஒரு கம்பெனி மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி நாங்க கேக்கற அதே கேள்விகள்தான்.

முதல்ல இ.பி. பில்லைப் படிக்கக் கத்துக்கோங்க

தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 500 யூனிட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஒரு பட்டியல், 500-ஐத் தாண்டினவங்களுக்கு வேற பட்டியல்.

2024 ஜூலையில வந்த விகிதப்படி, 500 வரைக்கும் இருந்தா 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியா 500 யூனிட் ஓடினா பில் 1,805 ரூபாய்.

501 ஆயிட்டா? அந்த 2.35 சலுகை போயிடும். 101-லிருந்து 400 வரைக்கும் மொத்தமா 4.70 ஆயிடும். 501 முதல் 600 வரை 8.40. இப்ப பில் 2,048 ரூபாய் 40 பைசா.

அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டுக்காக நீங்க கட்டறது 243 ரூபாய். அம்மா பயந்ததுல நியாயம் இருக்கு. ஆனா அந்தப் பயத்துக்கு விலை கொடுக்க வேண்டியது அம்மா இல்ல.

எங்க வீட்டு 560 யூனிட்டுக்கு பில் 2,544. அதுல 500-க்கு மேல போன 60 யூனிட்டுக்கு மட்டும் நாங்க கட்டினது 739 ரூபாய். யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல. கடைசி 60 யூனிட் எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஃபேன்: யாரும் பேசாத எதிரி

கரண்ட் பில்லுன்னா எல்லாரும் ஏ.சி.யைத் திட்டுவோம். ஏ.சி. ராத்திரி சில மணி நேரம்தான் ஓடும். ஃபேன் வருஷம் முழுக்க, நாள் முழுக்க ஓடுது. பழைய சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வச்ச ஃபேன் அதே காத்துக்கு சுமார் 30 வாட்தான் எடுக்கும். 45 வாட் மிச்சம்.

எங்க வீட்டுக் கணக்கு இது. ஹால்ல 14 மணி நேரம், அம்மா ரூம்ல 12, எங்க ரூம்ல 8. மொத்தம் ஒரு நாளைக்கு 34 மணி நேரம். 34-ஐ 45-ஆல பெருக்குங்க, 1,530. ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு சுமார் 92 யூனிட்.

560-ல 92 போனா 468. புது பில் 1,603. மிச்சம் 940 ரூபாய்.

இந்த 940-ஐ ஆறால பெருக்கி "வருஷம் 5,600 மிச்சம்"னு சொன்னா வீடியோவுக்கு நல்ல தலைப்பு கிடைக்கும். ஆனா அது தப்பு. கோடையில ரெண்டு பில்தான் 500-ஐத் தாண்டுது. நடுவுல மூணு பில்லுல மிச்சம் 500 ரூபாய்க்குள்ளதான். மார்கழிக் குளிர்ல அதுவும் பாதி. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 3,600 ரூபாய். மூணு ஃபேன் 9,000. ரெண்டரை வருஷத்துல அசல் திரும்பிடும். அதுக்கப்புறம் ஃபேன் ஓடற வரைக்கும் லாபம்தான்.

ஒரு சி.ஏ.வா இன்னொண்ணும் சொல்லணும். எஃப்.டி. வட்டி உங்க வருமானத்தோட சேரும், உங்க ஸ்லாப்படி அதுக்கு வரி உண்டு. செலவே பண்ணாம மிச்சம் பிடிச்ச ரூபாய்க்கு வருமான வரித்துறை வரி கேக்காது.

பூமிக்கு என்ன லாபம்? நம்ம நாட்டு மின்தொகுப்புல ஒரு யூனிட் தயாரிக்க சராசரியா 0.7 கிலோ அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுது, ஏன்னா இன்னும் பெரும்பகுதி நிலக்கரி. எங்களுக்கு வருஷத்துல குறையறது 510 யூனிட். கிட்டத்தட்ட 350 கிலோ. அந்த மூங்கில் பிரஷ் இதுக்குப் பக்கத்துலகூட வராது.

இப்ப ஒரு வருத்தமான விஷயம். அம்மா ரூம்ல இருந்தது பழைய பெட்டி மாதிரி ரெகுலேட்டர். அந்த வகையில வேகத்தைக் குறைச்சா ஃபேன் மெதுவா சுத்தும், ஆனா கரண்ட் குறைய வேண்டிய அளவு குறையாது. ஒரு பகுதி ரெகுலேட்டர்லயே சூடா வீணாப் போகும். அம்மா அத்தனை ராத்திரி வேர்த்ததுக்குக் கிடைச்ச மிச்சம் ரொம்பக் கொஞ்சம். உங்க வீட்டுலயும் அந்தப் பெட்டி ரெகுலேட்டர் இருந்தா இன்னிக்கே போய்ப் பாருங்க.

வாங்கறவங்களுக்கு மூணு குறிப்பு. பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியா ஓட்டக் கூடாது, எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி அதைக் கழட்டி நேரா சுவிட்சுல கொடுக்கச் சொல்லுங்க. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா ரிமோட் மட்டும் இருக்கற மாடல் வேண்டாம். எங்க வீட்டு ரிமோட் முதல் வாரமே தலையணை உறைக்குள்ள போய் மூணு நாள் காணாமப் போச்சு. சுவத்துலயே வேகம் மாத்தற மாடலும் கிடைக்குது. வாடகை வீடா இருந்தாலும் கவலை இல்ல, காலி பண்ணும்போது ஃபேனைக் கழட்டி எடுத்துட்டுப் போகலாம்.

பிளக் இருக்கா, இல்லையா?

எதை மாத்தணும், எதை மாத்தக் கூடாதுங்கறதுக்கு நான் வச்சிருக்கற விதி சுலபமானது.

பிளக் இல்லாத பொருளை அது உடையற வரைக்கும் உபயோகிங்க. பிளாஸ்டிக் டப்பா, பழைய வாளி, டிஃபன் பாக்ஸ், துணி, நாற்காலி எல்லாம் இதுல அடக்கம். அது தயாராகும்போது ஆன கேடு ஏற்கெனவே ஆயிடுச்சு. நல்லா இருக்கற டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு கண்ணாடி டப்பா வாங்கினா, குப்பையும் கூடுது, செலவும் கூடுது. துணிப்பையும் அப்படித்தான். 2021 டிசம்பர்ல அரசு "மீண்டும் மஞ்சப்பை" ஆரம்பிச்சப்ப சொன்னது பழைய பழக்கத்துக்குத் திரும்பச் சொல்லித்தான், பை சேகரிக்கச் சொல்லி இல்ல. பருத்தி விளைய நிறைய தண்ணி வேணும். ஒரு பையை நூத்துக்கணக்கான தடவை எடுத்துட்டுப் போனாத்தான் அதுக்கு அர்த்தம். எங்க வீட்டுல எண்ணிப் பார்த்தேன், 23 பை. கடைக்குப் போறவங்க நாலு பேர்.

பிளக் இருக்கற பொருளுக்குக் கணக்குப் போடுங்க. அது வாங்கின விலையைவிட, ஆயுசு முழுக்கக் குடிக்கற கரண்ட்தான் பெரிய செலவா இருக்கும். பழைய ஃபேன், குண்டு பல்பு, பதினைஞ்சு வருஷத்து ஃப்ரிட்ஜ் எல்லாம் "இன்னும் ஓடுதே"ங்கற காரணத்துக்காக இருக்கக் கூடாது. புது ஃப்ரிட்ஜ் வாங்கிட்டு பழசை "வாட்டர் பாட்டிலுக்கு"ன்னு வராந்தாவுல ஓட்டறது இன்னும் மோசம். ஃபோன், லேப்டாப் ரெண்டும் இதுக்கு விதிவிலக்கு. அதுங்க குடிக்கற கரண்ட் கொஞ்சம், தயாரிக்கும்போது ஆகற கேடு அதிகம். அதனால பேட்டரி மாத்தி இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டறதுதான் சரி.

ஏ.சி. விஷயத்துல புதுசா எதுவும் வாங்க வேண்டாம். ஒரு டிகிரி ஏத்தி வச்சா சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும்னு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்லுது. 20-ல வச்சுப் போர்வை போர்த்திக்கறதுக்குப் பதிலா 26-ல வச்சு ஃபேனையும் போடுங்க. கூடவே ஃபில்டரைக் கழுவுங்க. இதுக்கு ஆகற செலவு பூஜ்யம்.

மீட்டர் இல்லாத இடத்துல எப்படி அளக்கறது?

கேஸுக்கு மீட்டர் இல்ல, ஆனா காலண்டர் இருக்கே. சிலிண்டர் மாத்தின தேதியை எழுதி வைங்க. 14.2 கிலோ உங்க வீட்டுக்கு எத்தனை நாள் வருதுன்னு மூணு சிலிண்டர் பார்த்தா தெரிஞ்சுடும். கொண்டைக்கடலை, ராஜ்மாவை ராத்திரியே ஊற வைக்கறது, குக்கர் வெயிட் போட்டதும் தீயைக் குறைக்கறது, பாத்திரத்தை மூடிச் சமைக்கறது. நம்ம பாட்டிக்கு இதெல்லாம் தெரியும். நாம செய்ய வேண்டியது நாளை எண்ணிப் பார்க்கறது மட்டும்தான்.

தண்ணிக்கு மோட்டார் ஓடற நேரம்தான் மீட்டர். லாரித் தண்ணி வாங்கற அபார்ட்மென்ட்டா இருந்தா, மாசத்துக்கு எத்தனை லோடுங்கறது மீட்டர். 2019 ஜூன்ல சென்னையில ஒரு குடத்துக்கு வரிசையில நின்னவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. குழாய்க்கு ஏரேட்டர் மாட்டுங்க, சின்ன செலவுதான். பழைய ஃப்ளஷ் டேங்க்குக்குள்ள ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி நிரப்பி வைங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளற தண்ணியைப் பிடிச்சு வீடு துடைக்க, பாத்திரத்தை முதல் தடவை அலச வச்சுக்கோங்க.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டுல 2003-லயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிட்டாங்க. அதனால பல வீட்டுல குழாய் இருக்கு, அதுக்குள்ள சருகு அடைச்சிருக்கு. 1,000 சதுர அடி மாடியில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சா சுமார் 900 லிட்டர். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, மாடியைக் கூட்டி, குழியில இருக்கற மண்ணை எடுத்துப் போட்டா போதும்.

"சோலார் போடலாமா சார்?"

என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இது. என் பதில், உங்க யூனிட் எவ்வளவுன்னு சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்.

2024 பிப்ரவரியில வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். நம்ம ஊர் வெயில்ல ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். கணக்குக்காக கிலோவாட்டுக்கு 65,000 செலவுன்னு வச்சுப்போம்.

வருஷம் முழுக்க பில்லுக்கு 900 யூனிட் ஓடற வீடு. பில் 5,820. 3 கிலோவாட் போட்டா 720 யூனிட் கழியும், பில் 200 ரூபாய்க்குள்ள வந்துடும். மானியம் போக கைக்காசு 1,17,000. மூணரை வருஷத்துல திரும்பிடும்.

எங்க வீடு மாதிரி வருஷத்துக்கே மொத்தம் ஏழாயிரம் ரூபாய் பில் கட்டற வீடு. 2 கிலோவாட் போட்டாலும் கைக்காசு 70,000. திரும்பி வர பத்து வருஷம் ஆகும். பேனல் அதேதான், வெயிலும் அதேதான். ஸ்லாப்தான் வித்தியாசம். அதனால முதல்ல வீணாப் போறதைக் குறைங்க. குறைச்ச பிறகும் 500-க்கு மேல வந்தா, அந்த அளவுக்கு மட்டும் சோலார் போடுங்க. ஓட்டை வாளியை அடைக்காம பெரிய பம்ப் வாங்காதீங்க.

"ரெண்டாவது மீட்டர் வாங்கிட்டா ரெண்டு தடவை 100 இலவசம் வருமே?"ன்னு கேக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே குடும்பத்துக்கு அப்படிப் பிரிக்கறது விதிப்படியும் சரி இல்ல. அதைவிட, அதுல ஒரு யூனிட்கூட குறையலை. என் முதல் கேள்வியிலயே அது ஃபெயில்.

மிச்சமான பணம் எங்க போகுது?

இது முக்கியம். கரண்ட் பில் குறைஞ்சுடுச்சுன்னு சந்தோஷத்துல இன்னொரு ரூமுக்கு ஏ.சி. வாங்கினா கதை முடிஞ்சுது. மிச்சமானதை அன்னிக்கே வேற பக்கம் திருப்பி விடுங்க. மாசம் 300 ரூபாய்தான். சின்னதா ஒரு எஸ்.ஐ.பி. போட்டுடுங்க, இல்ல ஒரு ஆர்.டி. அடுத்து ஃப்ரிட்ஜ் மாத்த வேண்டி வரும்போது ஸ்டார் அதிகமா இருக்கறதை இ.எம்.ஐ. இல்லாம வாங்க அந்தப் பணம் கைகொடுக்கும்.

ஆனா எல்லாக் கூடுதல் செலவும் வீண் இல்ல. நாங்க தை மாசம் மூணு ஃபேனையும் மாத்தினோம். இந்த வருஷக் கோடை பில் 468 வரும்னு என் கணக்கு சொல்லிச்சு. வந்தது 481. 13 யூனிட் எங்க போச்சுன்னு தேடினேன். அம்மா இப்ப மத்தியானத்துலயும் ஃபேனை நிறுத்தறதில்ல. நாலுல ஓடுது. நிம்மதியா தூங்கறாங்க.

அந்த 13 யூனிட்டுக்கு ஆன விலை 82 ரூபாய். எங்க வீட்டு வருஷக் கணக்குலயே நான் சந்தோஷமா எழுதின செலவு அதுதான்.

இப்ப உங்க வேலை. கடைசி ஆறு இ.பி. பில்லை எடுத்து, ரூபாயை விட்டுட்டு யூனிட்டை மட்டும் வரிசையா எழுதுங்க. எத்தனை தடவை 500-ஐத் தாண்டியிருக்குன்னு பாருங்க. அப்புறம் இன்னிக்கு ராத்திரி வீட்டுல பெரியவங்க ரூமை ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஃபேன் எத்தனையில சுத்துதுன்னு பார்த்துட்டு, எதை மாத்தறதுன்னு முடிவு பண்ணுங்க.